நாலரை வயதுக்கு ஒரு பாஸ்போர்ட்

அறிவிப்பு: நெமிலிச்சேரியைச் சேர்ந்த செல்வி யாழினி, வயது நாலரை, சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் அலுவலகக் கேமராவின் முன் நான்கு நொடிகள் கண் சிமிட்டாமல் அமர்ந்து சாதனை படைத்தார் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தேசம் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

எங்கள் வீட்டில்தான் தூக்கம் இல்லை. அவ்வளவு கடுப்பு.

அப்பா மஸ்கட்டில் வெல்டர். தங்கை யாழினிக்கு ஒன்றரை வயதானபோது போனவர். அவளுக்கு அப்பா என்றால் ஆறங்குலத் திரை. காலாண்டு விடுமுறையில் நாங்கள் வந்து பத்து நாள் தங்க அவருக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் உண்டு. ஆனால் கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டுமாம். கடவுச்சீட்டு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? கடவுளே வந்து கையெழுத்துப் போட வேண்டும் போல. பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பாஸ்போர்ட் நகல்கள், இருவரும் கையெழுத்திட்ட சம்மதப் படிவம். அப்பா கையெழுத்து கூரியரில் வந்தது. விண்ணப்பம் நிரப்பி, நேரம் வாங்கி, தொள்ளாயிரம் ரூபாய் கட்டியது (எட்டு வயதுக்குள் பத்து சதவீதம் தள்ளுபடி) பதினாறே வயதான அடியேன். வேறு எவனாலும் முடிந்திருக்காது.

காலை 7.20 மின்சார ரயில், ஆளுக்கு ஐந்து ரூபாய், தங்கைக்கு இலவசம். அம்பத்தூரில் இறங்கி ஆட்டோ. பதினோரு கிலோமீட்டருக்கு 280 கேட்டவர் 240க்கு இறங்கினார்.

"இன்னா தம்பி, பச்சக் கொயந்தைக்கு எதுக்கு பாஸ்போர்ட்டு? மடில குந்த வச்சிகினு போவ வேண்டியதுதான?" என்றார். அவரை அமைச்சராக்கலாம்.

9.45க்கு உள்ளே. முதல் இரண்டு கவுண்டரும் சுலபம். மூன்றாவதில் ஓர் அம்மையார் தாள்களைப் புரட்டி, அப்பா வெளிநாடா என்று கேட்டுவிட்டு, தங்கையிடம் குனிந்தார்.

"பாப்பா, இவங்க யாரு?"

தங்கை அம்மாவை நிதானமாகப் பார்த்தாள். "தெரியாது. பிஸ்கட்டு குடுத்து இட்டுகினு வந்தாங்க."

அம்மா போனிலிருந்த ஆல்பம் முழுக்கக் காட்டினார், அழுதார். நாலரை வயதுப் பிள்ளை பேச்சை வைத்தா கோப்பை நிறுத்துவது என்று நான் கத்தினேன். பிள்ளை இப்படிச் சொன்னபின் சும்மா விட முடியாது, அப்பாவின் சம்மதத்தை அங்குள்ள தூதரகத்தில் சான்றளித்து வாங்கி வாருங்கள் என்றார் அந்த அம்மையார். அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போனது. தாள் வருவதற்குள் அறை வேறு ஒருவர் குடும்பத்துக்குப் போய்விட்டது.

பயணம் திட்டமிடுவோருக்கு: பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் சம்மதத்தை முதலிலேயே தூதரகத்தில் சான்றளித்து வாங்குங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருடத்துக்குத்தான், தேதியைப் பாருங்கள். டிக்கெட்டைக் கடைசியில் போடுங்கள்.

இன்னொன்று. அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். யார் எவரைக் காட்டிக் கேட்டாலும் அப்படிச் சொன்னால் ஒரு சாக்லேட். ரேஷன் கடை வரிசையில் செம சிரிப்பு. அலுவலகத்தில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

நேற்று வீடியோவில் அப்பா, "பாப்பா, நான் யாரு, சொல்லு" என்றார்.

"தெரியாது" என்றாள். சாக்லேட்டுக்காக என்னைப் பார்த்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் அந்த அதிகாரியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.