நூற்றிருபது எக்ஸிகியூட்டிவ்கள்

தேநீர் இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காளிதாசன் கண்டீனுக்குள் நுழைந்து, ஆறு பேர் மேசையிலிருந்து இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போவார். நாலு பேருக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் யூனியன் வரும் என்பது அவர் கணிப்பு. தூக்கிய நாற்காலிகளை எங்கே வைப்பது என்பதற்குத்தான் அவரிடம் திட்டம் இல்லை. பதினான்கு நாற்காலிகள் அவர் அறையிலேயே அடுக்கிக் கிடந்தன. கதவு பாதிதான் திறக்கும்.

மலேசியாவில், லூனாசுக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் அவர் மனிதவள அதிகாரி. வயது ஐம்பத்திரண்டு. தொழிலாளர்கள் தம்மை 'அண்ணே' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார்.

"அண்ணன் இருக்கற வீட்டுல யூனியன் எதுக்குலா?"

யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் வெட்டுவார். வெட்டும்போது, "யூனியன் கேக் வாங்கிக் குடுக்குமா? சொல்லு," என்று கத்தியை நீட்டிக் கேட்பார். பேக்கிங் பகுதி மருதம்மாள் அவரைவிட ஆறு வயது மூத்தவர். யூனியனுக்கு ஆள் சேர்ப்பவரும் அவர்தான். அவர் மட்டும் தட்டை வாங்கிக்கொண்டு, "கேக்கு நல்லாருக்கு தம்பி. ஃபேன் எப்ப மாட்டுவீங்க?" என்பார்.

சென்ற ஆண்டு டைரக்டர் ஜெயகுமார் காளிதாசனை அழைத்து ஒரே வரியில் பேச்சை முடித்தார். "யூனியன் உள்ள வந்தா, நீங்க வெளிய."

காளிதாசன் தொழிற்சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எக்ஸிகியூட்டிவாக இருப்பவர் தொழிலாளர் யூனியனில் சேர முடியாது என்று ஒரு வரி கண்ணில் பட்டது. ஒரே வாரத்தில், நூற்றெண்பது தொழிலாளர்களில் நூற்றிருபது பேர் எக்ஸிகியூட்டிவ் ஆனார்கள். கூட்டிப் பெருக்கும் லோகேஸ்வரி 'துப்புரவு எக்ஸிகியூட்டிவ்'. பெட்டிக்கு டேப் ஒட்டும் இருளப்பன் 'ஒட்டு எக்ஸிகியூட்டிவ்'. சம்பளம் ஏறவில்லை. கழுத்து அட்டையின் நிறம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கும் வர வேண்டியதாயிற்று. நூற்றிருபது பேருக்கு அறை இல்லாததால் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில், வெயிலில் நடந்தது. ஒவ்வொரு வாரமும் அடுத்த கூட்டத்தின் தேதியை முடிவு செய்துவிட்டுக் கலைந்தார்கள்.

யாருக்குப் பதவி கொடுப்பது என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. "யூனியன்காரனுக்கு எதுக்குப் பெரிய போஸ்ட்டு? நம்ம ஆளுங்களுக்குக் குடுப்போம்."

அப்படித்தான் கொடுத்தார். மிச்சம் இருந்த அறுபது பேரும் மருதம்மாளின் ஆட்கள்.

போன வியாழக்கிழமை அலோர் ஸ்டாரிலிருந்து அரசாங்க அதிகாரி ஒருவர் ஓட்டுப் பெட்டியோடு வந்தார். தொழிலாளர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால் யூனியனை நிர்வாகம் ஏற்க வேண்டும். எக்ஸிகியூட்டிவ்களுக்கு ஓட்டுக் கிடையாது. விழுந்தவை அறுபது ஓட்டு. அதில் யூனியனுக்கு ஐம்பத்தெட்டு.

காளிதாசனின் அறைக்கு வந்த ஜெயகுமார் நெற்றியைத் தேய்த்தார். "போன வருசம் யூனியன் பக்கம் எத்தன பேரு?"

"அறுபதுதான் பொஸ்."

"மத்த நூத்திருபது?"

"எல்லாம் நம்ம ஆளுங்க பொஸ்."

"அப்பவே ஓட்டு நடந்திருந்தா?"

"நாமதான் ஜெயிச்சிருப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் காளிதாசனுக்குக் கணக்குப் புரிந்தது. டைரக்டர் தம் கார் சாவியை எடுத்துக்கொண்டார். "திங்கக்கிழம காலையில என்னய வந்து பாருங்க. உங்க சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் போனதும் பாதி திறந்த கதவு வழியாக லோகேஸ்வரி பக்கவாட்டில் நுழைந்தார். கையில் பதவிக் கடிதம்.

"அண்ணே, இத நீங்களே வச்சிக்குங்க. எனக்கு ஞாயித்துக்கிழம வேணும். யூனியன்லயும் சேரணும்."

"எக்ஸிகியூட்டிவ்மா நீ!"

"அதான் வேணான்னு சொல்றேன்லா."

பின்னாலிருந்து இருளப்பனின் குரல் வந்தது. "அண்ணே, வரிச நீளமா இருக்கு, கொஞ்சம் சீக்கிரம்."

காளிதாசன் எட்டிப் பார்த்தார். வரிசை நடைபாதையைத் தாண்டி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. பதவி உயர்வுக்குப் படிவம் இருந்தது; இறங்குவதற்கு இல்லை. அவர் வெள்ளைத்தாள்களை எடுத்து அடிக்கோலால் கோடு போட்டார். மேலே 'பதவி வேண்டாதோர்' என்று எழுதினார். ஓரத்தில் எண்களைப் போட்டுக்கொண்டே வந்து நூற்றிருபத்தொன்றில் நிறுத்தினார்.

பிறகு முதல் வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, பேனாவை லோகேஸ்வரியிடம் நீட்டினார்.

"ரெண்டாவதுல இருந்து எழுதும்மா."