யாருக்குத் தேநீர், யாருக்கு மது

இடப்பக்கச் சாமிக்குத் தேநீர் வைக்கும்போது ஜுவாங் பிஹுவாவின் குரல் தணிந்துவிடும். "சூடா இருக்கு, மெதுவாக் குடிங்க. என் முட்டிவலி நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்பாள். நாலு எட்டு வைத்து வலப்பக்கச் சாமியிடம் வந்ததும் அதே குரல் மீன் சந்தைக்குப் போய்விடும். "இந்தாரும். விடியறதுக்குள்ள உமக்கு மட்டும் சாராயம். நேத்து ஊத்துனதே இன்னும் எறங்கல போலிருக்கு, மூஞ்சியப் பாரு." அரிசி மதுக் கிண்ணம் 'டொக்'கென்று பலகையில் உட்காரும்.

இடப்பக்கம் மருத்துவர், வலப்பக்கம் தளபதி. காய்ச்சல்காரர்களும் பிள்ளை இல்லாதவர்களும் மருத்துவர் முன்னால் மண்டியிட்டு மூங்கில் குச்சிகளைக் குலுக்குவார்கள்; விழும் குச்சியின் எண்ணுக்கு என்ன கஷாயம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் தளபதிக்குப் பட்டாசு கொளுத்திவிட்டுப் போவார்கள்.

பிஹுவாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கொண்டையைச் சுற்றி அந்தக் கடற்கரைப் பெண்கள் எல்லாரையும் போல மல்லிகை வளையம், இடுப்பில் சாவிக்கொத்து, மழையோ வெயிலோ காலில் ரப்பர் பூட்ஸ். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சிப்பிக் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வாள். "பாத்துக்கிட்டே நின்னா யாருக்கு எறங்கும்?" சாமிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. வைத்ததைக் குடித்தார்களா என்று பார்க்கிறவள் போல எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

கோயில் எந்தக் காலத்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் காலையில் ஒரு வம்சத்தைச் சொல்வாள், மத்தியானம் வேறொன்றைச் சொல்வாள். கதை மட்டும் மாறாது. கடற்கொள்ளையர் அம்பு தைத்துக் கிடந்த தளபதியின் தொடையைக் கீறிக் காப்பாற்றினார் மருத்துவர். பிழைத்த தளபதி படைக்குத் திரும்பாமல் மருத்துவர் வாசலிலேயே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். இருவரும் போன பிறகு ஊர் ஒரே கற்பூர மரத்தை வெட்டி இருவரையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. "அதான் ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு" என்று முடிப்பாள்.

அவள் அங்கே துடைப்பம் எடுத்தது வேண்டுதலுக்காக. மகன் ருய்க்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து கண் செருகியபோது இடப்பக்கச் சாமியின் காலைப் பிடித்துக்கொண்டு, "இவனைக் குடுத்துரு. நான் சாகுற மட்டும் உன் வாசலப் பெருக்குறேன்" என்றாள். ருய் பிழைத்தான். இப்போது துறைமுக நகரத்தில் பைக் பட்டறை வைத்திருக்கிறான், தொப்பையும் போட்டுவிட்டது. அவள் இன்னும் பெருக்குகிறாள். வேறு வேலைக்குக் கூப்பிட்டவர்களிடமெல்லாம் "நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்தவ" என்று சொல்லிவிடுவாள்.

கூரை ஒழுகியதால்தான் எல்லாம் ஆரம்பித்தது. கோயில் குழுத் தலைவர் ஷுவே ஜின்ஃபூ, டோஃபு கடைக்காரர், கூரையோடு சேர்த்துச் சாமிகள் மேல் படிந்த கரியையும் எடுத்துவிடலாம் என்று மாகாணத் தலைநகரிலிருந்து மியாவ் சிங் என்ற பெண்ணை வரவழைத்தார். பழைய சிலைகளைச் சுத்தம் செய்வதே அவள் தொழில். பஞ்சைக் குச்சியில் சுற்றி, ஏதோ திரவத்தில் நனைத்து, நாளெல்லாம் சாமியின் ஒரு மடிப்பையே ஒற்றிக்கொண்டிருப்பாள். "குழந்தைக்குக் காது கொடையற மாதிரில்ல இருக்கு" என்று பிஹுவா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் மியாவ் சிங் கூப்பிட்டாள். "அத்தை, இங்க கைய வச்சுப் பாருங்க."

இடப்பக்கச் சாமியின் அங்கிக்கு அடியில், கரி போன இடத்தில், மீன் செதில் போல வரிவரியாக ஏதோ கையில் தட்டுப்பட்டது.

"என்ன இது, சொறி மாதிரி?"

"கவசம் அத்தை. மருத்துவர் எதுக்குக் கவசம் போடப்போறாரு?" வலப்பக்கச் சாமியின் கையைக் காட்டினாள். சேர்ந்து நீண்ட மூன்று விரல்கள், லேசாக வளைந்து. "இது வாள் பிடிக்கிற கையா? நாடி பாக்குற கை."

அந்தக் கையில் வாள் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததால் கம்பி போட்டுக் கட்டியவள் பிஹுவாதான். ஒவ்வொரு முறை விழும்போதும், "குடிச்சா வாளக்கூடப் பிடிக்கத் தெரியல" என்று திட்டியிருக்கிறாள். அவள் பூட்ஸைக் கழற்றி உள்ளேயிருந்த மணலைத் தட்டிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டாள்.

ஜின்ஃபூ நேராகக் கே கிழவரிடம் போனார். அரசாங்கம் கோயில்களைக் காலி செய்யச் சொன்ன வருஷங்களில் ஊரார் சாமிகளை ஆளுக்கொரு வீட்டு அடுப்படி மச்சில் ஒளித்து வைத்திருந்தார்கள். காலம் மாறியதும் திரும்பக் கொண்டுவந்த நாலு பேரில் மிச்சம் இருப்பது கே மட்டும்தான்.

"அடுப்புக் கரியில ரெண்டும் பன்னிக்குட்டி மாதிரி கெடந்துச்சு" என்றார் கே. "ஒரே மூக்கு வேற. தாடி இருக்கிறது தளபதி, இல்லாதது மருத்துவர்னு வச்சோம்."

"ரெண்டு பேருக்குமே தாடி மயிர் செருகத் துளை இருக்கே, பெரியவரே."

"அப்படியா? அப்ப ஒண்ணோட தாடிய எலி தின்னிருக்கும்." கிழவர் பல்லில்லாத வாயால் சிரித்தார். "அன்னைக்கே ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? அவங்களுக்கே கவலை இல்ல, நீ ஏன் பறக்குற?"

குழு கூடியது. புதுக்கூரையின் கீழே சாமிகளைத் தூக்கி வைக்கும்போது இடத்தை மாற்றுவதா வேண்டாமா? சாமியிடமே கேட்டுவிடலாம் என்றார்கள். பிறைநிலா போன்ற இரண்டு மரத்துண்டுகளைக் கைக்குள் வைத்துப் போடுவது அங்கே வழக்கம். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது, கேள்வியை மறுபடி கேள் என்று அர்த்தம்.

பிஹுவா போட்டாள். இரண்டும் மல்லாந்தன.

மறுபடி போட்டாள். மறுபடி சிரிப்பு.

"அக்கா, ஒழுங்காக் கேளு. என்னத்தக் கேட்ட?" என்றார் ஜின்ஃபூ.

"ஒழுங்காத்தான் கேட்டேன். யாரைக் கேக்குறதுன்னு நீ சொல்லு மொதல்ல. 'மருத்துவரே'ன்னு கூப்பிட்டா எந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட?"

"ரெண்டு பேருக்கும் பொதுவாக் கேளேன்."

"உன் பொண்டாட்டியையும் உன் கொழுந்தியாளையும் பொதுவாக் கூப்பிட்டுப் பாரு, யாரு வர்றான்னு."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை போட்டபோது ஒரு துண்டு உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. குனிந்து பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் ஜின்ஃபூவே, "நிபுணர் சொன்னபடி மாத்திடுவோம்" என்று எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பிஹுவா மகனுக்குப் போன் போட்டாள்.

"ருய், இத்தனை வருஷமா நான் வேற ஆளுக்குல்ல பெருக்கியிருக்கேன். உன்னக் காப்பாத்துனவரைக் குடிகாரான்னு திட்டியிருக்கேன். இப்ப என்ன செய்யறது?"

"அம்மா, என்னக் காப்பாத்துனது ஊசிம்மா. டாக்டர் போட்ட ஊசி."

"டாக்டர் எங்க இருந்தாரு? ஆத்துக்கு அக்கரையில. புயல்ல படகே போகாதுன்னாங்க. உங்கப்பா உன்ன நெஞ்சோட கட்டிக்கிட்டுப் போயிச் சேர்ந்தாரே, அது எப்படி?"

"அப்பாவுக்குத் துடுப்புப் போடத் தெரியும்."

துடுப்பு என்றதும் அவள் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தாள். தண்ணீர் விஷயமெல்லாம் தளபதி பொறுப்பு. ஊசி மருத்துவர் பொறுப்பு. அப்படியானால் அவள் காலைப் பிடித்த சாமி ஆள் மாறாட்டமாகவே இருந்தாலும் படகைத் தள்ளிவிட்டிருக்கிறார். திட்டு வாங்கிய சாமி அக்கரையில் காத்திருந்திருக்கிறார். இல்லை, தளபதி மருத்துவரிடம் சொல்லி அனுப்பினாரா? கேட்காத ஆள் எதற்கு வந்து செய்ய வேண்டும்? வாக்குக் கொடுத்தது அந்த முகத்துக்கா, அந்தப் பெயருக்கா?

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இரு, யோசிக்கிறேன்" என்றவள், அவன் பதிலுக்கு நிற்காமலே போனை வைத்துவிட்டாள்.

சாமிகளை இடம் மாற்றித் தூக்கி வைத்தபோது பட்டாசு வெடித்தார்கள். கரி போன முகங்கள் இரண்டும் இளமையாக, யாரோ போல இருந்தன. கம்பியை வெட்டி வாளை எடுத்து உரியவர் கையில் செருகினாள் மியாவ் சிங்; கச்சிதமாக நின்றது. எல்லாரும் தலையாட்டினார்கள். பிஹுவா வெட்டிய கம்பியைக் குப்பையில் போடாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் தட்டில் தேநீரும் மதுவுமாக வந்தாள். இடப்பக்கம் போனாள். அங்கே இத்தனை காலம் அவளிடம் ஏச்சு வாங்கிய முகம். தேநீரை எடுத்தாள், பாவம், இவர் மதுவுக்குப் பழகிப் போயிருப்பாரே என்று கை நின்றது. வலப்பக்கம் போனாள். அங்கே அவள் முட்டிவலியைப் பொறுமையாகக் கேட்ட முகம், கையில் வாளோடு. இவருக்கு விடிந்ததும் சாராயமா? "நீங்க..." என்று ஆரம்பித்தாள். "நீரு..." என்று திருத்தினாள். இரண்டும் வாயில் சரியாக உட்காரவில்லை. தேநீரில் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் இருவருக்கும் நட்டநடுவில், இருவர் கைக்கும் எட்டுகிற தூரத்தில் தட்டை வைத்தாள். தேநீர்க் கிண்ணத்தையும் மதுக் கிண்ணத்தையும் ஒட்டினாற்போல் தள்ளினாள். பிறகு இதுவரை அங்கே செய்யாத ஒன்றைச் செய்தாள். முதுகைக் காட்டித் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.