சேலை சுற்றிய போத்தல்கள்

எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், அந்தப் பியர்க் கதையைச் சொல் என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எல்லையில் அப்பா பட்ட பாட்டைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு எல்லோரும் சாப்பிட எழுந்துவிடுவார்கள். மிச்சத்தைக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

எழுபதுகளில் நாங்கள் மெல்பேணின் ஸ்பிரிங்வேல் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எனக்கு ஏழு வயது. அப்பா பகல் முழுக்க வீட்டில் இருந்ததால் அவருக்கு நீண்ட விடுமுறை கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பழக்கிவிட, உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு பெரிய வாளியில் அப்பா பியர் ஊறப்போட்டார். வீடெல்லாம் புளித்த மாவின் வாசம். அம்மா அதற்குப் பக்கத்தில் நின்று எங்கள் உடுப்புகளைத் தோய்த்தார்.

அப்பா குடிக்கிறவர் அல்ல. சிட்னியில் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, இருந்தார். அவர் வீட்டுக்கு நாங்கள் போவதாக இருந்தது. மனைவியின் தமையன் வாசலில் வெறுங்கையோடு போய் நிற்க அப்பாவால் முடியாது. கடையில் எதையும் வாங்க வழியும் இல்லை. மாமாவுக்குப் பியர் என்றால் உயிர். ஆகவே அந்தப் பியரை அடைத்த போத்தல்கள் உடையாமலும் பிடிபடாமலும் சிட்னிக்குப் போய்ச் சேரவேண்டும்.

பிடிபடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கசிப்புக் காய்ச்சியவர்களைப் பொலிஸ் அடித்து இழுத்துப் போவதை ஊரில் பார்த்து வளர்ந்தவர் அப்பா. வீட்டில் செய்த சாராயமும் வீட்டில் செய்த பியரும் அவருக்கு ஒன்றுதான். போதாததற்கு, மாநில எல்லையில் காரை மறித்துச் சோதிப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எதைச் சோதிப்பார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

போத்தல்கள் முட்டாமல் இருக்க, அம்மா ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சேலையில் சுற்றினார். பழைய பேப்பர் போதாதா என்று அப்பா கேட்டார்.

"சேலையள் எப்பிடியும் வரத்தானே வேணும்," என்றார் அம்மா.

அப்பா பேப்பர்க் கட்டைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். கடைசிப் போத்தலுக்குக் கல்யாணத்தன்று கட்டிய கூறைச் சேலை வந்தது.

புறப்பட்ட அன்று நல்ல வெயில். காரின் ஜன்னலைத் திறந்தால் நெருப்புக் காற்று, மூடினால் அவியல். பின் சீட்டில் நானும் தம்பியும் எங்களுக்குள் அடிபட்டு, அழுது, களைத்துப் படுத்துவிட்டோம். வழியில் ஒரு போத்தல் வெடித்தது. அப்பா காரை நிறுத்தவில்லை. உடைந்ததைப் பார்க்கத் தெம்பில்லை என்றார்.

எல்லையில், மரே ஆற்றுப் பாலத்துக்குக் கிட்ட ஒரு அதிகாரி கைகாட்டி மறித்தார். அப்பா பாஸ்போர்ட்டுகளை நீட்டினார். அவர் அவற்றைத் தொடவேயில்லை, பழம் ஏதும் இருக்கிறதா என்றுதான் கேட்டார். பழ ஈ பரவாமல் தடுக்கத்தான் அந்தச் சோதனை. அம்மா தோடம்பழப் பையை எடுத்துக் கொடுத்தார். அத்தோடு போயிருக்கலாம். அப்பாவோ வியர்த்து விறுவிறுத்து இறங்கி, கேளாமலே காரின் பின்பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றையும் தானே செய்ததாகவும் மனுசிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லையென்றும் ஒப்புக்கொண்டார். வீட்டில் எல்லோரும் சிரிக்கிற இடம் இதுதான்.

அதிகாரியும் சிரித்தார். கூறையைப் பிரித்துப் போத்தலைப் பார்த்துவிட்டு, இதில் குற்றம் ஒன்றும் இல்லை, தானும் வீட்டில் செய்கிறவன்தான் என்றார். பிறகு மற்றச் சேலைகளையும் சட்டி பானைகளையும் எங்கள் பள்ளிக்கூடப் பைகளையும் பார்த்தார். எத்தனை நாள் பயணம் என்று கேட்டார். ஒரு கிழமை என்றார் அப்பா. அம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அந்த மனிதர் சிரிக்கவில்லை. போத்தலைத் தன் கையாலேயே கூறையில் சுற்றி, இருந்த இடத்தில் வைத்தார்.

மாமா முதல் கிளாஸைக் குடித்துவிட்டு, "மச்சான், கடைப் பியர் பிச்சை வாங்கவேணும்," என்றார். அன்றைக்குத்தான் அப்பா வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலையில் அப்பா தனியே புறப்பட்டார். மெல்பேணில் வேலை கிடைக்கும்வரை ஒரு சிநேகிதரின் அறையில் இருக்கப்போகிறாராம். எனக்கு ஒரே கவலை.

"அப்பாட்டை ஒரு சேலையும் இல்லையே. அடுத்தமுறை போத்தலை எதாலை சுத்திறது?"

அம்மா உள்ளே போய்க் கூறையை எடுத்து வந்து, கார் ஜன்னலுக்குள்ளால் அப்பாவின் மடியில் வைத்தார்.

"இதைக் கொண்டு போங்கோ. நீங்களே திருப்பிக் கொண்டுவாங்கோ."

சிட்னிப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு வகுப்பு ஏறிய பிறகுதான் அப்பா எங்களைக் கூட்டிப்போக வந்தார். அவர் கையில் கூறை இருந்தது. ஓடிப்போய்ப் பறித்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஏமாற்றத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவும் அழுதார். மாமாவுக்குக் கொடுக்கப் பியர் வரவில்லையே என்றுதான் அவரும் அழுகிறார் என்று நினைத்தேன்.