மகாபலிபுரம் பார்க்கப் போன நாள்

எங்கள் வீடு சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது. ஊரிலிருந்து யார் பட்டணம் பார்க்க வந்தாலும் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். மாதா கோயில், கபாலி கோயில், கடற்கரை, எழும்பூரில் செத்த காலேஜ் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த மியூசியம், இவ்வளவையும் நான்தான் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். கல்யாணமாகி ஆறேழு வருஷத்தில், அங்கே இருந்த திமிங்கல எலும்புக்கூட்டை எத்தனை முறை அண்ணாந்து பார்த்திருப்பேனோ தெரியாது. வந்தவர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். நான் உட்கார எங்கே இடமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதனால் அக்காவை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப் போ என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

"உள்ளேயே உட்கார்ந்திருந்தா மனசு எப்படி மாறும்? நாலு இடம் பார்க்கட்டும்" என்றார்.

"அப்ப நீங்க கூட்டிட்டுப் போங்க."

"எனக்கு ஆபீஸ் இருக்கே."

அக்கா ரங்கூனில் வாழ்க்கைப்பட்டவள். அத்தானுக்கு அங்கே ஒரு மரக்கடையில் வேலை. குழந்தை இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊரே கிளம்பி மலையும் காடுமாக நடந்தது. அக்காவும் அப்படி நடந்து அஸ்ஸாமுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி எங்களிடம் வந்து சேர்ந்தாள். அப்போது அம்மாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அத்தான் கடையை ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருவார் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். யுத்தம் முடிந்தது. அங்கே தங்கிவிட்டவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். அத்தானைப் பற்றித் தகவலே இல்லை. அக்கா தினமும் குளித்துவிட்டு நெற்றிக்குக் குங்குமம் வைத்துக்கொள்வாள், அரிசியில் கல் பொறுக்குவாள், படுத்துக்கொள்வாள். தஞ்சாவூரிலிருந்து அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தானுக்காக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்தும் விடியாமலும் மாம்பலத்தில் ரயிலேறினோம். செங்கல்பட்டில் இறங்கி பஸ். பஸ் கால்வாய்க் கரையோடு நின்றுவிட்டது. அப்புறம் படகில் அக்கரை போய், சுடுமணலில் நடை. தூக்குச்சட்டியில் புளிசாதம் வைத்திருந்தேன். அதன் கைப்பிடி விரலை அறுத்தது. அக்கா தலையைக் குனிந்தபடி பின்னால் வந்தாள். வெயில் ஏறி எனக்குத் தலையை வலிக்க ஆரம்பித்தது. இவளுக்கும் பிடிக்காமல் எனக்கும் பிடிக்காமல் எதற்கு இந்த அலைச்சல் என்று மனசுக்குள் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் இடம் காட்டுகிற ஆள் ஒருவர் ஒட்டிக்கொண்டார். அந்தப் பெரிய பாறைக்கு முன்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். யானைகள், நாகர்கள், வேடர்கள் என்று பாறை முழுக்க செதுக்கியிருந்தது. கம்பால் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா, ஒத்தைக்கால்ல நிக்கிறாரே, தபசு பண்றாரு. சோறு தண்ணி இல்லாம விலா எலும்பெல்லாம் எப்படித் துருத்திக்கிட்டு இருக்குது பாருங்க. கல்லுல செஞ்சிருக்கான்!"

அக்கா பார்த்தாள். பிறகு தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெயில்தான் ஆகவில்லை என்று நினைத்து, பக்கத்தில் இருந்த மர நிழலுக்கு அழைத்துப் போனேன். இடம் காட்டுகிறவர் ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். கொஞ்சம் சும்மா இருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

குடித்துவிட்டு அக்கா சொன்னாள்: "அவரும் கடைசியில அப்படித்தான் இருந்தார்."

"யாரு?"

"உங்க அத்தான்."

எனக்குப் புரியவில்லை. "அவர் ரங்கூன்ல..."

"இல்லடி. என்கூடத்தான் நடந்து வந்தார். மலையேறும்போது பேதி கண்டுது. ரெண்டு நாள் ஒரு மரத்தடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு நின்னதும், கூட இருந்தவங்க என்னை இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க. நின்னா நீயும் போயிடுவேன்னாங்க. இலையைப் போட்டு மூடினேன். குழி வெட்டக்கூட யாருக்கும் தெம்பு இல்லை."

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லலை?"

"நான் வாசல்ல வந்து நின்னப்போ அம்மா என்ன கேட்டா? மாப்பிள்ளை பின்னால வர்றாரான்னு கேட்டா. எனக்கு நிக்கக்கூட முடியலை. தலையை ஆட்டிட்டேன். மறுநாள் சொல்லலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள அம்மா கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தூக்குச்சட்டியைத் திறந்து சாதத்தைப் பிசைந்து ஒரு உருண்டையை அவள் கையில் வைத்தேன். வாங்கிச் சாப்பிட்டாள். வந்த நாளிலிருந்து பாதி இலையோடு எழுந்துவிடுகிறவள், அன்று சட்டி காலியாகும்வரை சாப்பிட்டாள். நானும் சேர்ந்து சாப்பிட்டேன். எதிரே வெள்ளாடுகள் பாறைமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"அம்மாகிட்ட நீ சொல்லிடு. எனக்கு முடியலை" என்றாள்.

கடற்கரைக் கோயிலைப் பார்க்காமலே திரும்பினோம். ரயிலில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோள் மரத்துப்போயிற்று. அவளை எழுப்ப மனம் வரவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரே தஞ்சாவூருக்குப் போய், பக்குவமாகச் சொல்லி அம்மாவை அழைத்துவந்தார். அம்மா வருவதற்கு முன்பே அக்கா குளித்துவிட்டு, குங்குமம் வைக்காமல் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"சொந்தக்காரங்கள்லாம் கூடி உட்கார்ந்து பொட்டை அழிக்கிறதுக்கு நான் நெத்தியைக் காட்டணுமா? நானே விட்டுட்டேன்" என்றாள்.

அம்மா வாசலிலேயே விழுந்து அழுதாள். "எனக்குச் சொல்லாம எப்படிடி சுமந்தே?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அக்கா அவளைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அத்தானுக்குச் செய்ய வேண்டியதைக் கடற்கரையில் செய்தோம். இறந்த திதி அக்காவுக்கே தெரியவில்லை. அமாவாசையை வைத்துக்கொள்ளலாம் என்றார் புரோகிதர்.

அதற்குப் பிறகு அக்கா பல நாள் தூங்கினாள். காலையிலும் தூக்கம், மத்தியானமும் தூக்கம். அம்மா கவலைப்பட்டாள். "தூங்கட்டும் விடும்மா" என்று நான்தான் சொன்னேன். அந்த வருஷக் கடைசியில் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். போகிறாயா என்று கேட்டேன். மறுநாள் காலையில், எனக்கு முன்னால் எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.