'நில்' என்று எழுதாத சனிக்கிழமை

வெலிச்கோ இருபது வருடம் ரூசே நகரத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்தவர். முட்டி தேய்ந்துபோன பிறகு, குழந்தைகளுக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் பள்ளியொன்றில் ஆசிரியராகச் சேர்ந்தார். பள்ளியை நடத்தும் இஸ்க்ரா அம்மாள், "குழந்தைங்களோட பழகின அனுபவம் உண்டா?" என்று கேட்டபோது, "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா எல்லாருமே குழந்தைதாம்மா" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

பிள்ளைகள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டார்கள், ராலிட்சாவைத் தவிர. ஒன்பது வயது, வக்கீல் வாய். வகுப்பில் வெலிச்கோ ரோபோவாக நிற்பார். பிள்ளைகள் கட்டளைகளைத் தாளில் எழுதி அவர் கண்ணெதிரே பிடிக்க வேண்டும். எழுதியதை மட்டும் செய்வார், வாயால் சொல்வது காதில் விழாது. ஒருநாள் ராலிட்சா 'நட' என்று எழுதிவிட்டு, நிறுத்தச் சொல்ல மறந்தாள். சுவர் வந்ததும் அவர் தானாக நின்றுவிட்டார்.

"ஏமாத்துறீங்க சார். ரோபோ நிக்காது, முட்டிக்கும்."

"வலிக்குமே, கண்ணு."

"அப்ப நீங்க ரோபோ இல்ல. சும்மா ஒரு மாமா."

வகுப்பே சிரித்தது. அந்தச் 'சும்மா ஒரு மாமா' வெலிச்கோவை வாரம் முழுக்க அரித்தது. சூப்பு குடிக்கும்போது மனைவியிடம், "நான் சும்மா மாமாவா?" என்று கேட்டார். "உப்பு பத்தலையா?" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர்கள் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். ஜூன் மாத வெக்கைக்காக இஸ்க்ரா வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். மேசைமேல் மிளகாய் விழுது தடவிய ரொட்டித் துண்டுகள் ஒரு தட்டு நிறைய. ராலிட்சா தாளை நீட்டினாள்: 'தட்டை எடு. வாசல் பக்கம் திரும்பு. நட.' வாசலருகே உட்கார்ந்திருந்த பெற்றோருக்கு ரொட்டி கொடுப்பது அவள் திட்டம். அங்கே நிற்கச் சொல்ல மறுபடியும் மறந்துவிட்டாள்.

வெலிச்கோ நடந்தார். பெற்றோர் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அவர் வாசற்படி இரண்டும் இறங்கித் தெருவுக்குப் போனார்.

"வெலிச்கோ! எங்க போறீங்க?" என்று இஸ்க்ரா கத்தினாள்.

நின்றுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காது சிவந்து எரிந்தது. ஆனால் ராலிட்சா வாய் பிளந்து வாசலில் நிற்பதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டார். நடையை நிறுத்தவில்லை.

எதிரே நகராட்சித் திருமண மண்டபம். வெளியே மத்தளமும் கிளாரினெட்டும் முழங்க, கல்யாணக் கூட்டம் கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. வெலிச்கோ நேராக அந்த வட்டத்துக்குள் புகுந்தார். மாப்பிள்ளையின் மாமா கான்ச்சோ, வாட்டசாட்டமான பஸ் டிரைவர், ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தார். "அடடா, காரம் பிரமாதம்! நீங்க பொண்ணு வீடா?"

வெலிச்கோ தட்டோடு நடந்துகொண்டே இருந்தார்.

"பொண்ணு வீடுதான். என்ன திமிரு பாரு!" என்று கான்ச்சோ அவர் கையைப் பிடித்து ஆட்டத்தில் இழுத்துவிட்டார்.

பின்னாலேயே பிள்ளைகள் ஓடி வந்தார்கள். யாரிடமும் பென்சில் இல்லை. ராலிட்சா மணப்பெண்ணிடமே போனாள். "அக்கா, உதட்டுச்சாயம் தாங்க, அவசரம். எங்க சாரை நிறுத்தணும்." தாளின் பின்பக்கத்தில் சிவப்பாக 'நில்' என்று எழுதி அவர் கண்ணெதிரே தூக்கிப் பிடித்தாள்.

வெலிச்கோ நட்டுவைத்த கம்பம்போல நின்றார். வட்டம் முழுவதும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டது.

"இவரைத் திரும்பக் கூட்டிப்போகணும்னா அதையும் எழுதணுமா?" என்று கேட்டார் கான்ச்சோ.

"ஆமா. ஒவ்வொரு அடியா."

அதன்பின் கல்யாண வீட்டார் பாதிப்பேர் வேலையில் இறங்கினார்கள். ஒருவர் காலடியால் தூரம் அளந்தார். இடமா வலமா என்று மணமகனும் அவன் மாமியாரும் சண்டை போட்டார்கள். ராலிட்சா எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். நூற்றுப்பன்னிரண்டு அடி சரியாக வந்தது. வாசலில் இருந்தது இரண்டு படி, தாளில் ஒன்றுதான். வெலிச்கோ தடுக்கிக் குப்புற விழ, மிச்சமிருந்த ரொட்டி வாசலில் நின்ற இஸ்க்ராவின் வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டது.

"முட்டி வலிக்குதா சார்?" ராலிட்சா குனிந்து கேட்டாள்.

அவர் இன்னும் ரோபோவாகவே கிடந்தார். அவள் அவசரமாக எழுதிக் காட்டினாள்: 'விளையாட்டு முடிந்தது.'

"ரொம்ப வலிக்குது, கண்ணு" என்றார் வெலிச்கோ.

"என் தப்பு சார். படியை எண்ணல" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. இருவருமாகத் தரையில் உட்கார்ந்து, தாளில் எந்த வரி விட்டுப்போனது என்று தேட ஆரம்பித்தார்கள்.

இஸ்க்ரா அவரை வேலையைவிட்டுத் துரத்தத்தான் நினைத்தாள். ஆனால் ஒரு தகப்பன், "என் பையன் இங்க என்ன படிக்கிறான்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது" என்று சொன்னதும் சட்டையை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

மறுவாரம் கான்ச்சோ நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"எந்தக் குழந்தைக்குங்க?" என்றாள் இஸ்க்ரா.

"எனக்குத்தான். அம்பத்தெட்டு வயசாகுது, சேத்துப்பீங்களா?"

கடைசி வரிசையில், முட்டி மேசையில் இடிக்க, ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.