ஒரே சொம்பு எலுமிச்சைச் சாறு

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் சர்பத்துக் கடைக்காரர் எலுமிச்சை பிழிந்து சீனி போட்டுக் கலக்கினார். அந்த வாசனையில் எனக்கு ஒன்பதாம் வகுப்பு வேதியியல் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல வாசனை எதுவும் எனக்கு நல்லதை நினைவூட்டியதில்லை.

என் மண்டையில் ஏறாத பாடத்தைச் சொல்லித்தர, உடன் படித்த செல்வம் பக்கத்து ஊரான அகரத்திலிருந்து சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவான். ஒருநாள் அம்மா சொம்பில் எலுமிச்சைச் சாறு கலக்கிக்கொண்டிருந்ததைக் காட்டினான்.

"ஏலே, ஒருபடித்தான கலவைன்னா இதான். சீனி கரைஞ்சிருச்சுல்ல? மேல எடு, அடியில எடு, அம்புட்டும் ஒரே இனிப்பு."

அம்மா எனக்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். அவனுக்கு, அவன் சாதிக்காரர்கள் வந்தால் மட்டும் கொல்லை மாடத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றினாள். "ஏம்மா?" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் நாளை அவனை வரவிடமாட்டாள், எனக்குப் பரீட்சை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

செல்வம் குடித்தான். யாரும் சொல்லாமலேயே டம்ளரைக் கழுவி, அதே மாடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அடுத்த பாடத்த எடுலே."

அந்தக் குரலில் கொஞ்சமாவது கோபம் இருந்ததா என்று இன்றும் தேடுகிறேன். இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும்.