மாற்று ஆட்டக்காரர்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும், அகன்ற தோள். பெரிய கபடி அணிகளில் பல வருஷம் மாற்று ஆட்டக்காரராக இருந்தவராம். பஸ்ஸில் யாராவது தடுமாறினால் எல்லோரும் எழுந்துவிடுவோம். அவர் மட்டும் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் படியில் நானே வழுக்கி விழுந்தேன். அன்றும் அவர் எழவில்லை. எனக்கோ எதற்கும் பயம். என்மேல் என்ன கோபமோ என்று ஷிப்ட் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. திரும்பும்போது கேட்டுவிட்டேன்.

"இன்னாண்ணே, நான் வுழுந்தாகூட எழுந்திருக்க மாட்டீங்களா?"

"கோச்சிக்காத தம்பி. நான் எறங்கி ஆடணும்னா மெயின் பிளேயர் அடிபடணும். பெஞ்சுல குந்திகினு அவன் முட்டியத்தான் பாத்துகினு இருப்பேன். ஒருநாள் வுழுந்தான். கோச் கூப்புடறதுக்கு முன்னாடியே எழுந்து நின்னுட்டேன். கீழ கெடந்துகினே அவன் அத்தப் பாத்துட்டான்."

"அப்புறம் ஆடுனீங்களா?"

"ஜெயிச்சோம்" என்றார். கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

இப்போது அவர் அந்த பஸ்ஸில் வருவதில்லை. ஆனால் எங்காவது தடுக்கி விழுந்தால், வலி தெரிவதற்கு முன்பே, முதலில் எழுந்து நிற்பது யார் என்று என் கண் தேடுகிறது.